தேர்வுக் கூடத்தில் ஒரு சிலேட்டு

நம் சங்கத்தில் செவிலியர் கல்வி பயிலும் தங்கையரும் தம்பியரும் உள்ளனர். படிப்பு முடிந்ததும் அமெரிக்காவிலோ கனடாவிலோ பணியாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவர்களில் பலருக்கு உண்டு. அந்த எண்ணத்தின் வாயிலில் ஒரு தேர்வு காவல் நிற்கிறது. 'என்கிளெக்ஸ்' என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். நான் அந்த வாயிலைக் கடந்தவள். ஆதலால் என்னிடம் வந்து விவரம் கேட்போர் பலர். கேள்விகள் பல வகையாக இருந்தாலும், இரண்டு மட்டும் தவறாமல் வரும்.

ஒன்று: "அக்கா, உள்ளே கணக்குப் போட்டுப் பார்க்கத் தாள் தருவார்களா? நாமே குறிப்பு எழுதிக்கொண்டு போகலாமா?"

மற்றொன்று: "அக்கா, உங்களுக்கு என்னென்ன கேள்விகள் வந்தன? நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதித் தாருங்களேன்."

முதற்கேள்விக்கு விரிவாக விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டாவது கேள்விக்கு நான் விடை கூறுவதில்லை. அதனால் என்மேல் மனத்தாங்கல் கொண்டவர்களும் உண்டு. ஆனால், முதற்கேள்வியின் விடையை நன்கு விளங்கிக்கொண்டவர்க்கு, இரண்டாவதற்கு நான் ஏன் வாய் திறப்பதில்லை என்பதும் தானே விளங்கிவிடும்.

தேர்வின் இயல்பு

நம் நாட்டில் பல்கலைக்கழகத் தேர்வில் தேறிய செவிலியர், மாநிலச் செவிலியர் மன்றத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டு பணியில் அமர்கின்றனர். தமிழ்நாட்டில் இப்பதிவு முறை 1926-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தின் வழியே வந்தது. அமெரிக்காவில் முறை வேறு. அங்கே கல்லூரிப் பட்டம் மட்டும் போதாது. உரிமம் வழங்கும் அதிகாரம் ஒவ்வொரு மாநிலத்துச் செவிலியர் வாரியத்திடமும் உள்ளது. அவ்வாரியங்கள் ஒன்றுகூடி 1978-இல் ஒரு தேசியப் பேரவையை அமைத்தன. அப்பேரவை நடத்தும் தேர்வே நாம் பேசும் தேர்வு. கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் 2015 ஜனவரி முதல் இதையே ஏற்றுக்கொண்டன.

முன்னாளில் இது நம் தேர்வுகளைப் போலவே தாளில் நடந்தது. ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் உட்கார்ந்து எழுத வேண்டும். 1994 ஏப்ரல் முதல் கணினிக்கு மாறிவிட்டது. இன்று நாம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, 'பியர்சன் வியூ' என்னும் நிறுவனத்தின் தேர்வு நிலையத்துக்குச் சென்று எழுதுகிறோம். இந்தியாவில் சில பெருநகரங்களில் அத்தகைய நிலையங்கள் உள்ளன. சென்னையும் அவற்றுள் ஒன்று.

இத்தேர்வு நாம் பழகிய தேர்வுகளிலிருந்து அடியோடு மாறுபட்டது. நம் தேர்வில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். முதலில் தெரிந்ததை எழுதிவிட்டு, தெரியாததைக் கடைசிக்கு ஒதுக்குவோம். இங்கே அது நடவாது. ஒரு நேரத்தில் திரையில் ஒரு வினாதான் தோன்றும். விடை தந்தால்தான் அடுத்தது வரும். விடை தந்த வினாவுக்குத் திரும்பிச் செல்ல வழியே இல்லை. நாம் சரியாகச் சொன்னால் சற்றுக் கடினமான வினா வரும். தவறினால் சற்று எளியது வரும். இப்படி நம் திறமையின் அளவைப் பொறி துழாவிக்கொண்டே செல்கிறது. நாம் தேறும் கோட்டுக்கு மேலா கீழா என்பது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதியாகத் தெரிந்தவுடன் தேர்வு நின்றுவிடும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திட்டப்படி, வினாக்கள் 85-க்குக் குறையா, 150-ஐத் தாண்டா. நேரம் 5 மணி. இடைவேளைகளும் அந்த 5 மணிக்குள் அடக்கம்.

இரண்டு செய்திகளை இங்கேயே மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். போன வினா திரும்ப வராது என்பது ஒன்று. வினாக்களில் 15 மதிப்பெண்ணுக்கு உரியவை அல்ல என்பது மற்றொன்று. அந்தப் பதினைந்தும் வருங்காலத் தேர்வுகளுக்காக வெள்ளோட்டம் விடப்படும் புது வினாக்கள். எவை அவை என்பது எழுதுபவருக்குத் தெரியாது. குறிப்பு எழுதுவது பற்றிய விதிகள் எல்லாம் இவ்விரண்டு செய்திகளிலிருந்தே கிளைக்கின்றன.

பலகையும் பேனாவும்

தேர்வு நிலையத்தில் தாள் தருவதில்லை. நாம் தாளோ பேனாவோ பென்சிலோ கொண்டுபோகவும் கூடாது. அவர்களே அழித்தெழுதும் குறிப்புப் பலகை ஒன்றும் ஒரு மார்க்கர் பேனாவும் தருவார்கள். நம் சிறுபிராயத்துச் சிலேட்டின் தம்பி என்று அப்பலகையைச் சொல்லலாம். சிலேட்டு கறுப்பு, இது வெளுப்பு, வேற்றுமை அவ்வளவே.

எழுதி நிறைந்துவிட்டால் என் செய்வது? கையை உயர்த்தினால் போதும். கண்காணிப்பவர் வந்து, நிறைந்ததை வாங்கிக்கொண்டு வெற்றுப் பலகை தருவார். பேனா சரியாக எழுதாவிட்டாலும் அப்படியே. இதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் சிலர், பலமுறை கை தூக்கினால் ஐயம் கொள்வார்களோ என்று அஞ்சி, ஒரே பலகையில் மூலை முடுக்கெல்லாம் எழுதிக் குழப்பிக்கொள்கிறார்கள். பலகையை மாற்றிக் கேட்பது நமக்குள்ள உரிமை. அழிப்பதற்கு ஏதேனும் தருவார்கள் என்று எதிர்பாராமல், நிறைந்தால் மாற்றிக்கொள்வது என்ற திட்டத்தோடு உட்காருவதே நலம்.

கணக்குப் போடப் பலகை மட்டும் போதுமா என்ற கவலையும் வேண்டாம். திரையிலேயே ஒரு கணக்குப் பொறி உண்டு. பெருக்கலும் வகுத்தலும் அதன் பொறுப்பு. எதை எதனால் பெருக்க வேண்டும் என்பது மட்டும் நம் பொறுப்பு. அதற்குத்தான் பலகை.

இந்தப் பலகைக்குரிய விதிகளைத் தேர்வுக்கு முன், தேர்வின்போது, தேர்வுக்குப் பின் என்று மூன்று காலமாகப் பிரித்துக்கொண்டால் மறக்கவே மறக்காது.

தேர்வுக்கு முன்

பலகை வெறுமையாக நம் கைக்கு வர வேண்டும். நாமும் வெறுங்கையோடு உள்ளே செல்ல வேண்டும். இதுவே முன்விதி.

நிலையத்தில் நம் கடவுச்சீட்டைச் சரிபார்ப்பார்கள். புகைப்படம் எடுப்பார்கள். உள்ளங்கையின் இரத்தநாள அமைப்பைக் கருவியில் பதிவு செய்வார்கள். பை, பர்ஸ், கைக்கடிகாரம் யாவும் லாக்கருக்குள் செல்ல வேண்டும். கைப்பேசியை அவர்கள் தரும் உறையில் இட்டு மூடி வைக்க வேண்டும். மறுத்தால் தேர்வெழுத விடமாட்டார்கள். சட்டைப் பைகளைக் காட்டச் சொல்லவும் கூடும். இவை எல்லாம் நம்மைக் கள்வர் என்று எண்ணிச் செய்யும் சோதனை அல்ல. ஊர் பேர் தெரியாத நோயாளி ஒருவருக்காக, உலகெங்கும் எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்யப்படும் சோதனை.

பலகை கைக்கு வந்ததும் சிலருக்கு ஓர் ஆசை எழும். பல வாரம் பாடுபட்டு நெட்டுருச் செய்த பட்டியலை உடனே அதில் கொட்டிவிட வேண்டும் என்ற ஆசைதான் அது. சோடியம் 135 முதல் 145 வரை, பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை என்று இரத்தப் பரிசோதனை அளவுகளையெல்லாம் மறப்பதற்குள் எழுதிவிடலாம் அல்லவா? கூடாது. தேர்வு தொடங்கும் முன் பலகையில் எழுதலாகாது. திரையில் தேர்வு தொடங்கிய பிறகே பேனாவைத் திறக்க வேண்டும்.

"தொடங்கிய பிறகு எழுதலாமே?" என்பீர்கள். எழுதலாம். அப்போது விதி உங்களைத் தடுக்காது, கடிகாரம்தான் தடுக்கும். நீங்கள் பட்டியல் எழுதும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் 5 மணியிலிருந்தே கழிகிறது. அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. இத்தேர்வு பட்டியலைக் கேட்பதில்லை. பட்டியலுக்கு அப்பால் இருப்பதைக் கேட்கிறது. பொட்டாசியம் 2.8 என்றால் குறைவு என்று அறிவது முதற்படி மட்டுமே. அந்நோயாளி இதயத்துக்காக டிகாக்சின் அருந்துபவராயின், பொட்டாசியம் குறைந்த நிலையில் அம்மருந்தே நஞ்சாகக்கூடும் என்று உணர்வது இரண்டாம் படி. குறைவை ஈடு செய்யும் பொருட்டுப் பொட்டாசியத்தை அப்படியே ஊசியில் ஏற்றிச் சிரையில் செலுத்திவிடக் கூடாது, அது உயிரைப் போக்கும் என்று அறிவது மூன்றாம் படி. பலகையில் எழுதிய பட்டியல் உங்களை முதற்படியில் நிறுத்திவிட்டு நின்றுவிடும். எப்போதும் குழப்பம் தரும் நான்கைந்து செய்திகள் இருந்தால் அவற்றை மட்டும் ஓர் ஓரத்தில் குறித்துக்கொள்வதே போதுமானது.

தேர்வின்போது

பலகை கண்முன் உள்ள வினாவுக்கு மட்டுமே உரியது. இது நடுவிதி. இதை எவரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. தேர்வின் அமைப்பே இதை விதியாக்கிவிடுகிறது. போன வினா திரும்பாது என்றேன் அல்லவா? அப்படியானால் போன வினாவுக்கு எழுதிய குறிப்பால் இனி என்ன பயன்? ஆகவே, ஒரு வினா முடிந்ததும் அதன் குறிப்பின்மேல் ஒரு கோடிழுத்துவிட்டுக் கீழே புதிதாகத் தொடங்க வேண்டும்.

இனி, பயன்படுத்தும் வகையைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குகிறேன். இவை நானே அமைத்தவை. தேர்வில் வந்தவை அல்ல.

முதலாவது மருந்துக் கணக்கு. காய்ச்சல் கண்ட குழந்தையின் எடை 22 பவுண்டு. கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் வீதம் மருந்து தர வேண்டும். புட்டியில் 5 மில்லிலிட்டருக்கு 160 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. எத்தனை மில்லிலிட்டர் தருவீர்கள்?

கிலோவிலேயே பிறந்து கிலோவிலேயே வளர்ந்த நமக்குக் கண்ணில் 22 படும், பவுண்டு படாது. 22-ஐ 15-ஆல் பெருக்கி 330 மில்லிகிராம் என்போம். கணக்குப் பொறியும் மறுப்புச் சொல்லாது. நாம் இட்டதைப் பெருக்கித் தருவதே அதன் வேலை. ஆனால் பலகையில் அலகோடு எழுதும் பழக்கம் உடையவர் இப்படி எழுதுவார்:

22 பவுண்டு ÷ 2.2 = 10 கிலோ
10 கிலோ × 15 = 150 மில்லிகிராம்
150 ÷ 160 × 5 = 4.69, அதாவது 4.7 மில்லிலிட்டர்

முன்னவர் தர இருந்த அளவு 10 மில்லிலிட்டருக்கும் மேல். உரிய அளவைப் போல் இரு மடங்குக்கு மிஞ்சியது. மூன்று வரி எழுதப் பிடிப்பது அரை நிமிடம். அந்த அரை நிமிடமே குழந்தைக்கும் மிகைமருந்துக்கும் இடையே நிற்கும் சுவர். பலகையில் வெறும் எண்ணை எழுதாதீர்கள். எண்ணோடு அலகையும் எழுதுங்கள்.

இரண்டாவது நீர்க்கணக்கு. நோயாளி உட்கொண்ட நீரும் வெளியேறிய நீரும் எவ்வளவு என்று கூட்டச் சொல்வார்கள். அமெரிக்க வழக்கில் பானங்கள் அவுன்சில் வரும். ஓர் அவுன்சுக்கு 30 மில்லிலிட்டர் என்று கொள்வது வழக்கம். பலகையின் நடுவே நெடுங்கோடு கிழித்து, இடப்பக்கம் 'உள்', வலப்பக்கம் 'வெளி' என்று இட்டுக்கொள்ளுங்கள். 6 அவுன்சு தேநீரை 180 என்றும், 4 அவுன்சு பழச்சாற்றை 120 என்றும் மாற்றிய பிறகே கூட்டுங்கள். அவுன்சும் மில்லிலிட்டரும் ஒரே வரிசையில் கலந்தால் கூட்டல் சரியாக இருந்தும் விடை தவறாகும்.

மூன்றாவது, யாரை முதலில் பார்ப்பது என்னும் வினா. நான்கு நோயாளிகள் இருக்கிறார்கள். ஒருவர் நீரிழிவுக்காரர், வீட்டுக்குப் போகுமுன் உணவு முறையை விளக்கச் சொல்கிறார். இன்னொருவருக்கு நேற்றுத் தைராய்டு சுரப்பியில் அறுவை. மூச்சு விடும்போது கீச்சென்ற ஒலி கேட்கிறது. மூன்றாமவருக்கு எலும்பு முறிந்த வலி. நான்காமவருக்குப் புண்கட்டு மாற்ற வேண்டிய நேரம். இவற்றை முழுதும் எழுத வேண்டாம். ஆளுக்கு ஒரு சொல் போதும்: பாடம், மூச்சு, வலி, கட்டு. நான்கு சொற்களையும் ஒருங்கே பார்த்தால் எது முந்த வேண்டும் என்பது பளிச்செனத் தெரியும். நீண்ட வாக்கியங்களின் புதரில் மறைந்திருந்த 'மூச்சு' பலகையில் தனியே நிற்கிறதல்லவா?

நான்காவது, பொருந்துவன எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினா. இதில் சரியானதைத் தொட்டால் மதிப்பெண் கூடும். தவறானதைத் தொட்டால் கூடிய மதிப்பெண் குறையும். ஆகையால் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத் தப்ப முடியாது. விடைகளின் எண்களைப் பலகையில் வரிசையாக இட்டு, ஒவ்வொன்றையும் தனித் தனியே 'ஆம், இல்லை' என்று கேட்டுக் குறியிடுங்கள். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுக் குழம்பும் பழக்கம் இதனால் ஒழியும்.

கடைசியாக, 2023-க்குப் பின் வந்த நீண்ட நோயாளி வரலாறு. ஒரே நோயாளியைப் பற்றி ஆறு வினாக்கள் தொடர்ந்து வரும். அவருடைய குறிப்பேடு திரையிலேயே இருக்கும். இங்கே மட்டும் பலகைக் குறிப்புக்கு ஆறு வினாக்காலம் ஆயுள் உண்டு. காலை 8 மணிக்கு இரத்த அழுத்தம் 128/76, நாடி 88. 10 மணிக்கு 112/70, நாடி 104. 12 மணிக்கு 94/58, நாடி 122 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். தனித் தனியே பார்த்தால் அவை எண்கள். அடுக்கிப் பார்த்தால், அழுத்தம் இறங்குகிறது, நாடி ஏறுகிறது. எங்கோ இரத்தம் போய்க்கொண்டிருக்கலாம் என்று அவை வாய்விட்டுச் சொல்லும். அந்த ஆறும் முடிந்ததும் கோடு கிழித்துவிடுங்கள். அந்நோயாளியிடம் இனி நமக்கு வேலையில்லை.

இடைவேளையைப் பற்றியும் ஒரு சொல். விரும்பினால் இடையில் எழுந்து வெளியே செல்லலாம். பலகை உள்ளேயே இருக்க வேண்டும். வெளியே வந்ததும் கைப்பேசியைத் தொடலாகாது. பாடக் குறிப்பைப் புரட்டலாகாது. தண்ணீர் குடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

தேர்வுக்குப் பின்

பலகை நிலையத்துக்கே திரும்ப வேண்டும். எழுதியது ஓர் எழுத்தும் வெளியே வரலாகாது. இது பின்விதி. இதை மீறினால் முடிவை நிறுத்தி வைக்கவோ ரத்துச் செய்யவோ, உரிமம் வழங்கும் வாரியத்துக்கு எழுதவோ அவர்களுக்கு அதிகாரம் உண்டு. தேர்வுக் கட்டணம் 200 டாலர். நம் நாட்டில் எழுதுவோர்க்கு மேலும் 150 டாலரும் வரியும். வாரியத்துக்குச் செலுத்தும் தொகை தனி. நம் ஊர்த் தனியார் மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்த செவிலி ஒருவரின் மாதச் சம்பளத்தை இது விழுங்கிவிடும். தேர்வில் தவறினவர் 45 நாள் பொறுத்து மீண்டும் எழுதலாம். நேர்மையில் தவறினவர்க்கு அத்தகைய நாட்கணக்கு எதுவும் இல்லை.

ஆயினும் அச்சத்தால் மட்டும் விதியைக் காப்பது நமக்கு அழகன்று. இவ்விதி ஏன் ஏற்பட்டது?

நம் பல்கலைக்கழகத் தேர்வு முடிந்ததும் வினாத்தாளை மடித்து வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். பழைய வினாத்தாள்களைத் தொகுத்து அடுத்த வகுப்பார்க்குத் தருவதை விடுதிகளில் ஒரு தருமமாகவே செய்து வருகிறோம். அது குற்றமன்று. அந்த வினாத்தாள் அன்றோடு செத்துவிட்டது. மறுமுறை புதியது ஒன்று பிறக்கும். என்கிளெக்ஸ் வினா அப்படிச் சாவதில்லை. இன்று எனக்கு வந்த வினா நாளை மணிலாவில் ஒருவருக்கும், மறுவாரம் டெக்சாஸில் ஒருவருக்கும் வரலாம். வெள்ளோட்டம் விட்டு, எடை போட்டு, பண்டகசாலையில் சேர்த்து வைத்த வினாக்கள் அவை. அவற்றுள் ஒன்று வெளியே கசிந்தால், படித்தவரும் அதற்குச் சரியாக விடை சொல்வார், கேள்விப்பட்டவரும் சொல்வார். இருவரையும் பிரித்தறியும் ஆற்றலை அவ்வினா இழந்துவிடும். திறமையைத் துழாவும் பொறி, கேள்விப்பட்டதைத் திறமை என்று தவறாக எண்ணும். அந்தத் தவற்றின் விலையை முடிவில் கட்டிலில் படுத்திருப்பவர் தருவார்.

எனவேதான், தேர்வெழுதும் முன்பே வினாக்களை வெளியிடுவதில்லை என்ற உடன்பாட்டை நம்மிடம் பெறுகிறார்கள். அவ்வுடன்பாடு பலகையில் எழுதியதற்கு மட்டும் உரியதன்று. மனத்தில் எழுதிக்கொண்டு வந்ததற்கும் உரியது. பலகையை வாங்கி வைத்துக்கொள்ள அவர்களால் முடியும். நினைவை வாங்கி வைக்க முடியாது. அதை நம் மானத்திடம் ஒப்படைத்திருக்கிறார்கள். விடுதித் திண்ணையில் சொல்வதும், வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதும், பலகையை மடியில் மறைத்துக்கொண்டு வெளியே வருவதும் ஒன்றுதான். இரண்டாவது கேள்விக்கு நான் விடை தராததன் காரணம் இதுவே.

கசிந்த வினாவால் குற்றமற்றவர்க்கு என்ன நேரும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. அங்கே செவிலியர் உரிமத்துக்கு அந்நாடே நடத்தும் தனித் தேர்வு உண்டு. 2006 ஜூனில் நடந்த அத்தேர்வின் ஐந்து பகுதிகளில், மூன்றாவதும் ஐந்தாவதும் முன்கூட்டியே கசிந்துவிட்டன. வினாக்கள் பயிற்சி நிலையங்கள் வழியாகச் சிலர் கைக்குப் போய்விட்டன என்ற செய்தி நாடெங்கும் பரவியது. முறையீடும் வழக்குமாக மாதங்கள் ஓடின. 2007 பிப்ரவரியில், அயல்நாட்டுச் செவிலியரின் தகுதியைச் சரிபார்க்கும் அமெரிக்க ஆணையம், அந்த ஜூன் தேர்வில் தேறியவர்களுக்கு விசாவுக்கு வேண்டிய சான்றைத் தர மறுத்தது. அச்சான்று வேண்டுவோர் அவ்விரு பகுதிகளையும் மீண்டும் எழுதித் தேற வேண்டியதாயிற்று. கசிந்த தாளைக் கண்ணாலும் காணாமல், இரவெல்லாம் கண்விழித்துப் படித்துத் தேறியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். யார் பார்த்தவர், யார் பாராதவர் என்று பிரிக்க வழியில்லாமையால் ஐயம் எல்லோர்மீதும் விழுந்தது. ஒரு நண்பருக்குச் செய்த 'உதவி', ஓராண்டு மாணவர் அனைவரின் பெயரையும் கெடுத்தது.

நம்மவர்க்கு இது தொலைவில் நடந்த கதையன்று. அயல்நாட்டு மருத்துவமனைகளில் இந்தியச் செவிலியர்மேல் உள்ள மதிப்பு, நமக்கு முன் சென்றவர்கள் உழைத்துச் சேர்த்த முதல். அதை நாம் பெருக்காவிட்டாலும் கரைக்காமலாவது இருக்க வேண்டும்.

செவிலியர்க்கு இது புதிய பாடமும் அன்று. வார்டில் பணி மாறும்போது நோயாளிகளின் விவரங்களைக் காகிதத் துண்டில் குறித்துக்கொள்கிறோம். எந்தக் கட்டிலுக்கு எந்த மருந்து, யாருக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். பணி நேரத்தில் அது நம் கைவிளக்கு. பணி முடிந்ததும் அதைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்பது நமக்குக் கற்பித்த ஒழுங்கு. பிறருடைய நோய் விவரம் நம் சட்டைப் பையில் ஏறிப் பேருந்தில் ஊர்வலம் வரலாகாது. வார்டுக் காகிதமும் தேர்வுப் பலகையும் ஒரே ஒழுங்கைத்தான் கேட்கின்றன: வேலைக்காக நம்பித் தந்ததை வேலைக்கு மட்டும் பயன்படுத்து, முடிந்ததும் அங்கேயே விட்டுவிடு.

பயிற்சிக்குச் சில வழிகள்

இனி, சொல்லத் தகுந்தவற்றைச் சொல்கிறேன்.

தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே தாளில் கணக்குப் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சிறு வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவும் எழுதுபொருள் கடையில் கிடைக்கும். மார்க்கரின் முனை பேனாவின் முனையைவிடத் தடித்தது. நம் எழுத்தும் பெருத்துவிடும். எழுதியதன்மேல் கை பட்டால் அழிந்தும் போகும். இவற்றுக்கெல்லாம் கை பழக வேண்டும். தேர்வன்று பழகிக்கொள்ள நேரமில்லை.

பயிற்சி வினாக்களைச் செய்யும்போதும் முந்தைய வினாவுக்குத் திரும்பாதீர்கள். விடை தந்ததும் கோடு கிழித்து, மனத்திலும் கோடு கிழிக்கப் பழகுங்கள். "அதைத் தவறாகச் சொல்லிவிட்டேனோ" என்ற ஏக்கம் அடுத்த மூன்று வினாக்களைக் கெடுக்கும்.

எல்லா வினாவுக்கும் எழுத வேண்டும் என்பதில்லை. கணக்கு, வரிசைப்படுத்தல், நீண்ட வரலாறு ஆகிய மூன்றுக்கும் எழுதுங்கள். மற்றவற்றுக்குத் திரையை நிதானமாக இருமுறை படிப்பதே மேல்.

அறைக்குள் நுழையுமுன் சட்டைப் பைகளை நீங்களே ஒருமுறை உதறிப் பாருங்கள். பயணச் சீட்டாயினும் பழைய குறிப்பாயினும், அங்கே ஒரு காகிதத் துண்டு வீண் விசாரணைக்கு இடம் தரும். உள்ளங்கையில் எதையும் எழுதும் வழக்கம் இருந்தால் அன்று ஒரு நாள் அதற்கு விடுமுறை கொடுங்கள்.

விதிகள் காலத்துக்கேற்ப மாறக்கூடியவை. பேரவை வெளியிடும் தேர்வர் கையேட்டை நாள் குறிக்குமுன் ஒருமுறையும், தேர்வுக்கு முதல் வாரம் மறுமுறையும் படித்துவிடுங்கள். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை பங்கு வினா வரும் என்னும் திட்டத்தையும் அவர்களே வெளிப்படையாக அச்சிட்டுத் தருகிறார்கள். மறைவாகக் கேட்டறிய வேண்டிய தேவையே இல்லை.

அக்காலத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதினார்கள். எழுதியதை உடனே கலைத்து அடுத்த எழுத்தைத் தொடங்கினார்கள். மணலில் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் விரலில் எழுத்து நின்றது. குறிப்புப் பலகையும் அத்தகையதே. அதில் எழுதியது நிலையத்தோடு போகட்டும். எழுதிப் பழகிய ஒழுங்கு மட்டும் உங்களோடு வார்டுக்கு வரட்டும். தேர்வுக்குச் செல்லும் தங்கையர் தம்பியர் அனைவர்க்கும் வெற்றி உண்டாகுக!